மிகுந்த மனஸ்தாபம்

திருவள்ளூர்
6 மார்ச் 2025

ஜெயராஜுக்கு,

உனக்கு நான் எழுதிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போதும் உறவு கொண்டாடுவதற்காக எழுதவில்லை. ஒரு காரியத்தை நீ நிறுத்த வேண்டும். அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

சென்ற சனிக்கிழமை உன் மகள் ஷைனி என் வீட்டுக்கு வந்தாள். இங்கே பக்கத்தில் காக்களூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். வாசலில் நின்று, "அத்தே, நான் ஷைனி" என்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தேன். பெண்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள்:

"அத்தே, எங்கப்பா ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வர்றாரு, ஆனா உள்ள வரமாட்டேன்றாரு. செருப்பு உடற எடத்துலயே நின்னுகினு கீறாரு. பூசை முடியற வரைக்கும் அங்கதான். இன்னாத்துக்குப்பான்னு கேட்டா, 'உங்க அத்தை மன்னிச்சாதான் உள்ள போவேன்'ங்கிறாரு. ஊரே கேக்குது. எனக்கு பேஜாரா கீது அத்தே."

அவள் பேசும் தமிழைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொன்ன செய்திதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. அப்படியானால் கும்மிடிப்பூண்டியில் வாரந்தோறும் திருப்பலிக்கு வருகிறவர்கள் உன்னைப் பார்த்துவிட்டு, 'இவன் அக்கா எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சுக்காரி' என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். பாவம் செய்தவன் நீ. பெயர் கெடுவது எனக்கு.

நீ செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். நீ இன்றும் வேலை செய்யும் அந்த இரும்பு ஆலையில் என் கணவர் உலைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். இரும்புக் குழம்பு வாளியைத் தூக்கும் சங்கிலி தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் அது அறுந்தது. உருகிய இரும்பு அவர்மேல் சாய்ந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். விசாரணைக்கு வந்தவர்களிடம் நீ, "மாமாவிடம் சாராய வாடை அடித்தது" என்றாய். அவர் சிபாரிசில் அந்த ஆலைக்குள் போன மைத்துனன் நீ. உன் ஒரு சொல்லோடு சங்கிலியைப் பற்றிய பேச்சு முடிந்தது. அடுத்த மாதமே உன்னை நிரந்தரம் ஆக்கினார்கள். குடித்துவிட்டு உலைக்குப் போய்ச் செத்தவர் என்ற பெயர் அவருக்கு நின்றது.

அதோடு விட்டாயா? ஓர் அஞ்சலட்டை எழுதினாய். "அக்கா, உங்களிடத்தில் எனக்கு மிகுந்த மனஸ்தாபம். இனி உங்கள் வாசலுக்கு வர மாட்டேன்." அடக்கத்தன்று நான் உனக்கு முகம் கொடுக்கவில்லை என்று உனக்கு என்மேல் மனஸ்தாபம்! அட்டையைக் கிழித்துப் போட்டேன். வாசகம் மனத்தை விட்டுப் போகவில்லை.

செருப்பு விடும் இடத்தில் நிற்பதை நிறுத்து. உள்ளே போ, இல்லாவிட்டால் வீட்டில் இரு. போன் செய்யாதே. நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். பதில் சொல்ல இருந்தால் காகிதத்தில் எழுது.

கிளாரா எட்வர்ட்


கும்மிடிப்பூண்டி
12-3-2025

சேசு மரி சூசை

அக்காவுக்குத் தம்பி ஜெயராஜ் எழுதுவது.

கவரின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரி சின்னப்பொண்ணு பயந்துவிட்டாள். "இன்னாய்யா, வக்கீல் நோட்டீஸா?" என்றாள். முழுவதும் படித்துக் காட்டினேன். "திட்டிதான கீறாங்க? அப்ப நல்லதுதான். திட்டறவங்க என்னிக்கினா ஒரு நாள் பேசுவாங்க" என்றாள். உங்களை அவளுக்கு எப்போதும் பிடிக்கும். உங்களுக்குத்தான் தெரியாது.

நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அப்படிச் சொன்னால் வேலை நிரந்தரம் ஆகும் என்று மேனேஜர் சொன்னார். நான் கான்டிராக்ட் ஆள். ஷைனி அப்போது கைக்குழந்தை இல்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, அதனால் குழந்தைக்காகச் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. பயந்தேன், ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

நான் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இல்லை அக்கா. அப்போதிருந்த சாமியாரிடம் முட்டி போட்டுச் சொன்னேன். பாவமன்னிப்புக் கொடுத்தார். நன்மை வாங்கலாம் என்றார். வரிசையில் போனேன். எனக்கு முன்னால் இருந்தவர் நாக்கை நீட்டி நன்மை அப்பத்தை வாங்கினார். அடுத்து நான். வாய் திறக்கவில்லை. இந்த நாக்கால்தானே 'வாடை' என்று சொன்னேன் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. சாமியார் கையில் நன்மையை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வாரம் ஒரு பெஞ்சு பின்னால் உட்கார்ந்தேன். அதற்கடுத்த வாரம் இன்னும் பின்னால். கதவு ஓரம் வந்து, அதற்கப்புறம் வெளியே வந்துவிட்டேன். நாடகம் போடவேண்டும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. உள்ளே ஓதுகிறது எல்லாம் அங்கேயும் கேட்கும்.

உபதேசியார் மோசஸ் சும்மா இருக்க மாட்டார். போனவாரம்கூட, "இன்னா ஜெயராஜு, செருப்புக்கு டோக்கன் போட்டுட்டியா? வருமானம் பரவால்லியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சின்னப்பொண்ணு மட்டும், "உள்ள போய் உக்காரு, இல்லன்னா ஊட்டுக்கு வா. நடுவுல நின்னுகினு மானத்த வாங்காத" என்றாள்.

ஷைனியிடம் உங்கள் பேரைச் சொன்னது தப்பு. அவள் விடாமல் கேட்டாள், வாயில் வந்துவிட்டது. இனிமேல் சொல்ல மாட்டேன்.

அந்த அட்டையில் எழுதினதை நான் மறுக்கவில்லை. அந்த மனஸ்தாபம் இன்றைக்கும் இருக்கிறது. வருசம் போகப் போகக் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. தினம் காலையும் மாலையும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எனக்கு ஒரு வரி போதும் அக்கா. மன்னித்தேன் என்று எழுதுங்கள். முடியாது என்றால் அதையும் எழுதுங்கள். அதற்கு முன்னால் நான் செய்யவேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், செய்கிறேன்.

தம்பி
ஜெயராஜ்


திருவள்ளூர்
19 மார்ச் 2025

ஜெயராஜுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'வருசம்' அல்ல, 'வருஷம்' அல்லது 'ஆண்டு'. அதை விடு.

உனக்கு என்மேல் உள்ள மனஸ்தாபம் கூடித்தான் இருக்கிறதாம். தினம் இருவேளையும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம், ஜெபம் சொல்வதுபோல! அதே பக்கத்தின் கடைசியில் மன்னிப்பு வேண்டும் என்கிறாய். என்னை மன்னிக்கச் சொல்கிறவன் முதலில் தன் கோபத்தைக் கீழே வைத்துவிட்டு வரவேண்டாமா? பெண்டாட்டியிடம் படித்துக் காட்டிச் சிரிக்க வேண்டாம். நான் கேட்பது சரியான கேள்வி.

ஆனாலும், செய்யவேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்கிறேன். ஏனென்றால் பதில் இப்போது என் மேசைமேலேயே இருக்கிறது.

எங்கள் பங்குத்தந்தை இந்தத் தவக்காலத்தில் புதன்கிழமை தோறும் பெண்கள் கூட்டத்துக்கு, ஆதித் திருச்சபையில் பாவமன்னிப்பு எப்படி இருந்தது என்று பேசச் சொல்லியிருக்கிறார். சரித்திரம் கற்பித்தவள் என்று என் தலையில் கட்டிவிட்டார். அந்தக் காலத்தில் கொலை, விபசாரம், விசுவாசத்தை மறுதலித்தல் போன்ற பெரும்பாவம் செய்தவன் மறைவாக ஒருவர் காதில் சொல்லிவிட்டு மாலைக்குள் நல்லவனாகிவிட முடியாது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு அப்படி ஒருமுறைதான் மனந்திரும்ப இடம் உண்டு என்று பலர் கற்பித்தார்கள். ஊரறியச் செய்த பாவத்துக்கு ஊரறியத் தவம். சில சபைகளில் படிகள் இருந்தன. முதலில் அவன் கோவில் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே போகிறவர்களிடம், எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று அழவேண்டும். பிறகு வாசல் மண்டபத்தில் நின்று வாசகங்களை மட்டும் கேட்கலாம். பிறகு உள்ளே மண்டியிடலாம். பிறகு மற்றவர்களோடு நிற்கலாம், ஆனால் நற்கருணை இல்லை. இதற்கே ஆண்டுகள் ஆகும். நீ இந்தப் படிகளில் பின்னோக்கி இறங்கியிருக்கிறாய். யாரும் சொல்லித்தராமல் சரியான இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறாய்.

ரோம அரசு கிறிஸ்தவர்களை வதைத்த கலாபனைக் காலத்தில், சிறைக்கும் சாவுக்கும் பயந்து, தெய்வச்சிலைக்குத் தூபமிட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. கலாபனை ஓய்ந்ததும் அவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களை எந்நாளும் சேர்க்கக்கூடாது என்றது ஒரு கட்சி. வந்தவுடனே சேர்த்துக்கொள் என்றது இன்னொரு கட்சி. வட ஆப்பிரிக்காவில் ஓர் ஆயர் இரண்டும் தவறு, தவம் முடியட்டும், பிறகு கதவைத் திறப்போம் என்றார். எனக்கு அந்த முதல் கட்சிக்காரர்கள்மேல்தான் மரியாதை. ஆனால் திருச்சபை ஆயர் பக்கம் போயிற்று. நானும் போகிறேன்.

ஆகவே நீ செய்யவேண்டியது இது. உன் பங்குத்தந்தையிடம் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எல்லாரும் இருக்கும்போது கீழ்க்கண்ட மூன்று வாக்கியங்களைச் சொல். கூட்டாதே, குறைக்காதே.

'என் அக்காள் கணவர் எட்வர்ட் விபத்து நடந்த அன்று குடித்திருக்கவில்லை. அவரிடம் வாடை அடித்தது என்று நான் சொன்னது பொய். அவர் தம் வாழ்நாளில் மதுவைத் தொட்டதே இல்லை.'

இதைச் செய்தபின் எழுது. அப்போது நீ கேட்ட வரியை நான் எழுதுவேன்.

கிளாரா எட்வர்ட்


கும்மிடிப்பூண்டி
26-3-2025

சேசு மரி சூசை

அக்காவுக்கு,

மூன்று வாக்கியத்தையும் தனிக் காகிதத்தில் எழுதிப் பாடம் செய்தேன். ஷிப்டுக்குப் போகும்போது ரயிலில் சொல்லிப் பார்த்தேன். முதல் இரண்டும் வருகிறது. மூன்றாவதில் நிற்கிறேன். உங்களிடம் சொல்லாமல் மழுப்பிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அது மறுபடியும் பழைய வேலைதான்.

அக்கா, மாமா குடிப்பார். ஞாயிறு மாலை மட்டும், எங்கள் வீட்டில், எவர்சில்வர் டம்ளரில் இரண்டு முறை ஊற்றிக்கொள்வார். மூன்றாவது கேட்டதில்லை. சின்னப்பொண்ணு கருவாடு வறுத்துக் கொட்டாங்கச்சியில் வைப்பாள். ஆறு மணிக்குச் சட்டையை உதறிக்கொண்டு எழுந்து உங்கள் வீட்டுக்கு பஸ் ஏறுவார். நான் ஒருநாள், "மாமா, அக்காவுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?" என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் டம்ளர் கவிழ்ந்துவிட்டது. "டேய், உங்கக்காவுக்குத் தெரியாதது இந்த ஒலகத்துல ஒண்ணே ஒண்ணுதாண்டா கீது. அதையாவது எனக்குன்னு வெச்சிக்கிறேன், உடு" என்றார்.

வேலை நாளில் தொட மாட்டார். "உலையாண்ட போறவனுக்கு மோர்தாண்டா" என்பார். விபத்து நடந்தது வியாழக்கிழமை. அன்று அவரிடம் ஒரு வாடையும் இல்லை. அதை எந்த வேதப்புத்தகத்தின் மேலும் கை வைத்துச் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொய் எனக்கு அவ்வளவு சுலபமாக வந்ததே அந்த ஞாயிறுகளால்தான். ஒன்றும் இல்லாததை இட்டுக்கட்ட எனக்குத் தைரியம் வந்திருக்காது. இருந்த ஒன்றை எடுத்து வேறு நாளில் வைத்தேன். மாமா என்னை நம்பி என் வீட்டில் செய்ததை அவருக்கு எதிராக வைத்தேன். என் பாவத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். சாமியாரிடம் சொல்லும்போதுகூட இதைச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது, வாழ்நாளில் தொட்டதே இல்லை என்று கோவிலில் நின்று சொன்னால், மாமா பேரில் நான் சொல்கிற இரண்டாவது பொய் ஆகும். உங்களுக்காக எதையும் செய்வேன் என்று எழுதினேன். இதைச் செய்ய முடியவில்லை. கோபித்துக்கொள்ளுங்கள்.

தம்பி
ஜெயராஜ்


(அஞ்சலட்டை)

திருவள்ளூர்
31 மார்ச் 2025

உன் கடிதம் கிடைத்தது. அவரை இரண்டாம் முறை கொன்றாய். இனி எழுத வேண்டாம்.

கி. எ.


கும்மிடிப்பூண்டி
7-4-2025

சேசு மரி சூசை

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். பதில் எதிர்பார்த்து எழுதவில்லை.

நீங்கள் மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் முதல் இரண்டு வாக்கியத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சாமியாரிடம் போய்க் கேட்டேன். சின்ன வயசுக்காரர். தலையைச் சொறிந்தார். "ஐயா, இப்பல்லாம் அந்த வழக்கம் இல்ல. இன்னிக்கு நீங்க மைக்குல சொன்னா, அடுத்த வாரம் மாமியாரப் பத்திச் சொல்றேன்னு பத்துப் பேரு வந்து நிப்பாங்க. நான் இன்னா பண்றது?" என்றார். அவர் சொன்னதும் ஞாயம்தான். வெளியே வந்து யோசித்தேன். பொய்யை நான் கோவிலில் சொல்லவில்லையே, ஆலையில்தானே சொன்னேன்.

சனிக்கிழமை ஷிப்டு மாறுகிற நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே இருந்து வருகிறவர்களுக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரம். உள்ளே போகிறவர்களுக்குக் கார்டு தேய்க்கிற அவசரம். நான் சத்தமாக, "எட்வர்ட் மாமா செத்தாரே, அந்த விபத்து அன்னிக்கு அவரு குடிச்சிருக்கல. வாடை அடிச்சிதுன்னு நான் சொன்னது பொய்" என்றேன். ஒருவரும் நிற்கவில்லை. மறுபடியும் சொன்னேன். ஒரு பையன், "யாருண்ணே எட்வர்ட்? இன்னிக்கா செத்தாரு?" என்று கேட்டான். பாதிப் பேர் ஒடிசாக்காரர்கள், அவர்களுக்குத் தமிழே புரியாது. ஒருவர் செக்யூரிட்டி அன்புசெல்வனிடம் இந்தியில் என்னவோ விசாரித்தார். அன்புசெல்வன், "ஸாரி போல்தா ஹை, ஸாரி" என்று சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். "யோவ் பெருசு, ரிட்டயர்டு ஆவப் போற நேரத்துல இன்னாய்யா இது? ஆபீஸ்ல பாத்தா நைனா, என் வேலையும் சேர்ந்து பூடும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பதினாலு வருசம் இதைச் சுமந்து வந்து இறக்கினால், வாங்கிக்கொள்ள அங்கே ஒரு ஆள் இல்லை. எல்லாம் புது ஆட்கள்.

அப்போது கேன்டீன் பென்னி வெளியே வந்தார். மாமா காலத்து ஆள். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "இன்னாடா கத்திகினு கீற?" என்றார். மூன்றாவது முறையாகச் சொன்னேன். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்டா" என்றார். "அன்னிக்கு நான்தான் எட்வர்ட்டுக்கு மோர் குடுத்தேன். பக்கத்துல நின்னு பேசினேன். ஒரு வாடையும் இல்ல. ஷிப்டுல இருந்த அத்தினி பேருக்கும் தெரியும்."

"அப்ப ஏன் பென்னி யாரும் என்ன ஒரு வார்த்த கேக்கல?"

"எப்படிக் கேக்கறது? நீ பொய் சொன்ன. நாங்க வாயே தொறக்கல. எந்த மூஞ்ச வெச்சிகினு உன்னப் போய்க் கேக்கறது?"

அப்புறம் அவர் போகவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். அடுத்து வந்த கூட்டத்திடம் நான் சொன்னதும், "ஆமா, எனக்கும் தெரியும். நானும் சொல்லாம இருந்துட்டேன்" என்று அவரும் சொன்னார். யாருக்கும் புரியவில்லை. இரண்டு கிழவர்களுக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கேட் காலியாகும் வரைக்கும் நின்றோம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பழைய இடத்திலேயே நின்றேன். உங்கள் பேரை யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி
ஜெயராஜ்


திருவள்ளூர்
11 ஏப்ரல் 2025

ஜெயராஜ்,

எழுத வேண்டாம் என்று சொன்னவளே எழுதுகிறேன். நேற்று உன் கடிதம் வந்தது. அதற்கு முந்தைய நாள், புதன்கிழமைக் கூட்டத்தில் ஒன்று நடந்தது. அதை முதலில் சொல்லவேண்டும்.

கூட்டம் தொடங்குமுன் வழக்கம்போல் எல்லாரும் பாவத்துக்கு வருந்தி மனஸ்தாப மந்திரம் சொன்னோம். முடிந்ததும் திலகவதி கையைத் தூக்கினாள். திருப்பாச்சூர்ப் பெண். இந்துக் குடும்பத்தில் பிறந்தவள், கலியாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் வாங்கியவள். மனத்தில் பட்டதைக் கேட்டுவிடுவாள்.

"டீச்சர், எனக்கு ரொம்ப நாளா ஒரு டவுட்டு. மனஸ்தாபம்னா எங்க ஊட்டாண்ட சண்டைன்னு அர்த்தம். எனக்கும் எங்க நாத்தனாருக்கும் மனஸ்தாபம், மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. நான் பாட்டுக்கு சாமிகிட்ட போய், 'எனக்கு உன்கிட்ட மனஸ்தாபம்'னு சொன்னா, சாமி, 'நான் இன்னாடி பண்ணேன் உன்ன?'ன்னு கேக்க மாட்டாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து பாடம் நடத்துவதுபோல் விளக்கினேன். தாபம் என்றால் சுடுவது, வேவது. மனம் வேவது மனஸ்தாபம். பிறர் செய்த குற்றத்துக்காக வெந்தால் நீ சொல்வதுபோல் சண்டை. தான் செய்த குற்றத்துக்காக வெந்தால் அதுதான் மனந்திரும்புதல். சொல் ஒன்றுதான்.

அவள் விடவில்லை. "அப்ப எதிர்ல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர், இது எந்த மனஸ்தாபம்னு?"

"கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்" என்றேன். சொன்ன உடனே உன் அட்டை நினைவுக்கு வந்தது. தலைவலி என்று சொல்லி அரை மணி முன்னதாகவே கூட்டத்தை முடித்துவிட்டேன்.

தெரியாமல் தவறிவிட்டேன் என்று நான் சொல்லப்போவதில்லை. கான்வென்ட்டில் ஆங்கிலத்தில் ஜெபம் படித்தவள்தான், ஆனால் ஐம்பது ஆண்டுகளாக இந்த ஊர்க் கோவிலில் இந்த மந்திரத்தைச் சொல்கிறேன். உன் அட்டை வந்தபோது அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் எனக்குத் தெரியும். எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டேன். தம்பி வருந்துகிறான் என்றால் நான் ஏதாவது செய்தாகவேண்டும். தம்பி கோபமாயிருக்கிறான் என்றால் ஒன்றும் செய்யவேண்டாம், கதவைச் சாத்திக்கொள்ளலாம். சென்ற மாதம் நீ காலையும் மாலையும் சொல்கிறேன் என்று எழுதினாயே, அது இந்த மந்திரம்தான் என்று சரியாகப் படிக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

அவர் குடித்ததைப் பற்றி. துவைக்கும்போது அவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைப்பையில் ஏலக்காய்த் தோல் கிடக்கும். அஜீரணம் என்பார். அதை நம்பினேன் என்று எழுதினால் அது பொய். ஒருநாளும் துருவிக் கேட்கவில்லை, அவ்வளவுதான். என் கணவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்று ஆசிரியைகள் அறையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்தப் பேச்சைக் காப்பாற்றத்தான் உன்னை மூன்றாவது வாக்கியம் சொல்லச் சொன்னேன். அவருக்காக அல்ல. நீ மறுத்தது சரி. அவரை இரண்டாம் முறை கொன்றாய் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

இப்போது நீ கேட்ட வரி. அதை எழுத உட்கார்ந்துவிட்டு, கோபம் போயிற்றா என்று என்னையே கேட்டேன். போகவில்லை. பென்னி சொன்னதைப் படித்தபோது இன்னும் கூடிற்று. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, ஒருவரும் என் வாசல் ஏறி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபம் தீர்ந்த பிறகு மன்னிப்பதுதான் முறை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆனால் கலாபனைக்குப் பிறகு மறுதலித்தவர்களைச் சேர்த்துக்கொண்டார்களே, அந்தக் கோவில்களில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் இதுவரை யோசித்ததில்லை. மறுதலிக்காமல் செத்தவர்களின் மனைவிகளும் பிள்ளைகளும்தானே உட்கார்ந்திருப்பார்கள். ஆயர் கதவைத் திறக்கச் சொன்ன அன்று அவர்களுக்கெல்லாம் கோபம் தீர்ந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. சற்று நகர்ந்து இடம் கொடுத்திருப்பார்கள். அவ்வளவுதான் செய்திருக்க முடியும்.

ஜெயராஜ், உன்னை மன்னித்தேன். கோபம் இருக்கிறது. அது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இத்தனை ஆண்டு உன்னை வெளியே நிற்க வைத்ததற்கு நீயும் என்னை மன்னிக்க வேண்டும். உடனே மன்னித்தேன் என்று எழுதிவிடாதே. உனக்கும் யோசிக்க நேரம் வேண்டும்.

தவம் முடித்தவர்களை அக்காலத்தில் ரோமையில் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய பெரிய வியாழன் அன்றுதான் உள்ளே சேர்த்தார்கள். நீயும் வருகிற வியாழக்கிழமை உள்ளே போ. மோசஸ் ஏதாவது சொன்னால் காதில் வாங்காதே.

உயிர்ப்பு ஞாயிறு மாலை சின்னப்பொண்ணுவையும் ஷைனியையும் அழைத்துக்கொண்டு இங்கே வா. சமையல் நான் செய்கிறேன், அவளை ஒன்றும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம் என்று சொல். டம்ளர் கவிழும்படி அவர் சிரித்தார் என்று எழுதியிருக்கிறாய். இந்த வீட்டில் முப்பத்தோரு ஆண்டு அவரோடு இருந்தேன். அவர் புன்னகைப்பார். சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. உன் வீட்டில் எதற்கெல்லாம் சிரித்தார், என்னைப் பற்றி என்னென்ன சொன்னார், எல்லாவற்றையும் நீங்கள் இருவரும் எனக்குச் சொல்லவேண்டும். எனக்கு வலிக்கும் என்று எதையும் விட்டுவிடாதீர்கள். எனக்கு அவரை இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்கா